விசில் நின்றால் வண்டி நிற்க வேண்டும்

புங்கமரம் தண்ணீர் கேட்டு ஆளைத் தொந்தரவு செய்கிற மரம் அல்ல, ஐயா. நட்ட முதல் இரண்டு கோடைக்குப் பார்த்துக்கொண்டால் போதும், அதற்குப் பிறகு அது நம்மைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் கம்பெனி கேட்டுக்கு இடது பக்கம், மதில் ஓரமாக நிற்கிற மரத்தை நான்தான் வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த வருடம் வைத்தது, இப்போது அதற்கு வயது பதினொன்று. ஒரகடத்தில் எங்கள் தெரு நெடுக வேறு நிழல் கிடையாது. நடந்தது எல்லாம் அந்த நிழலால் வந்தது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

டிரைவர் வனமாமலை மேல் நீங்கள் போட்டிருக்கிற வழக்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். என் பெயர் இசக்கியப்பன். சொந்த ஊர் களக்காட்டுப் பக்கம். சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகை வீடு, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வேலைக்கு வந்து போகிறேன். கார் கதவுக்குச் சட்டம் அடித்துக் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. நான் அங்கே ரிவர்ஸ் பார்க்கிறவன்.

துறைமுகத்திலிருந்து இரும்புச் சுருள் ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் வரும். நாற்பதடி நீளம். எங்கள் கேட்டுக்குள் முகத்தைக் காட்டி நுழைய இடம் போதாது. தெருவில் நின்று, வாலை முதலில் உள்ளே விட்டுத்தான் நுழைய வேண்டும். வண்டி இடது பக்கம் வளையும்போது டிரைவருக்கு அந்தப் பக்கம் குருடு, கண்ணாடியில் வானமும் இரும்பும்தான் தெரியும். அதனால் பின்னால் ஒரு ஆள் நின்று விசில் ஊத வேண்டும். விட்டு விட்டு ஊதினால் வரலாம். நீளமாக ஊதினால் நிற்க வேண்டும். ஊதாமலே இருந்தாலும் நிற்க வேண்டும். கேட்டில் பலகையே மாட்டியிருக்கிறது, 'விசில் நின்றால் வண்டி நிற்க வேண்டும்' என்று. ஊதுகிறவன் வெயிலில் மயங்கி விழுந்தால்கூட வண்டி தானாக நிற்கட்டும் என்று யோசித்து எழுதிய விதி அது. நல்ல விதி.

அதன் பக்கத்தில் இன்னொரு பலகை உண்டு. 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே தகர எண்களைக் கொக்கியில் மாட்டியிருக்கும். தினமும் காலை, முதல் ஷிப்ட் பஸ் வருவதற்குள் எண்ணை மாற்றுவது நான்தான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. காய்ச்சலில் படுத்த இரண்டு நாளும் வந்து எண்ணை மாற்றிவிட்டுப் போய்த்தான் படுத்தேன். இந்த வருடம் பங்குனி வரைக்கும் அதில் தொங்கிய எண் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று.

கேட்டுக்கு முன்னால், மரத்தடி வரைக்கும், தெருவில் மஞ்சள் பெயின்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டிருக்கிறார்கள். டிரெய்லரின் வால் வீசுகிற இடம் அது. ஷேர் ஆட்டோக்காரர் அந்தக் கட்டத்தைப் பார்த்தால் ஒதுங்கிவிடுவார். டிவிஎஸ் வண்டியில் மீன் கொண்டுவருகிறவர்கூடத் தள்ளித்தான் நிறுத்துவார். மஞ்சள் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போவது, ஒரு விலைக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டிகளுக்குத்தான். ஒரு வெள்ளைக் கார்க்காரர் கண்ணாடியில் தன் போன் நம்பரை ஒட்டிவைத்திருந்தார். பொறுப்பான ஆள் என்று நினைத்துக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் சாமி பாட்டு கேட்டேன். இன்னொருவர் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் காரைப் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பஸ் நடுரோட்டில் நின்று, உற்பத்தி லைன் வேலைக்குப் போகிற பெண்கள் லாரிகளுக்கு நடுவில் இறங்கினார்கள். நான் கண்ணாடியைத் தட்டியதும் அவர் என்னைப் பார்க்காமலே இரண்டு விரலைக் காட்டினார். எல்லோரும் காட்டுகிற விரல்தான். இரண்டு நிமிஷம். இவர்களுக்கு என்று தனியாக ஒரு கடிகாரம் செய்து கொடுத்திருக்கிறார்கள் போல.

பிரசன்னா எங்கள் கேண்டீனை எடுத்து நடத்துகிறவர். குன்றத்தூர்க்காரர், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். இரண்டு வருடமாகத் தினமும் பதினொரு மணிக்கு வருவார், மதியச் சாப்பாடு முடிந்து ஒன்றரைக்குப் போவார். கறுப்பு வண்டி, அதன் பானெட்டே என் நெஞ்சு உயரம் வரும். முதல் நாளே புங்கமரத்தடியில், மஞ்சள் கட்டத்துக்குள், பின்பக்கம் மரத்தை ஒட்டினாற்போல் நிறுத்திவிட்டு இறங்கினார்.

"சார், இது டிரெய்லர் வளையுத எடம். உள்ள பார்க்கிங் காலியாத்தான் கெடக்கு" என்றேன்.

"உள்ள வெயிலு கொளுத்துதுபா. சீட்டு லெதரு, வெடிச்சிடும். இன்னா, ரெண்டு நிமிஷம். வண்டி வந்தா சொல்லு, எடுத்துடறேன்."

வண்டி வந்தது. சொல்லப் போனேன். கேண்டீன் சத்தத்தில் அவருக்கு நானும் கேட்கவில்லை, என் போனும் கேட்கவில்லை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் பட்டப்பகலில் என் மரத்தையே பிடித்துக்கொண்டார். பாதுகாப்பு மேனேஜர் நம்பிராஜன் சாரிடம் போய் முறையிட்டேன். "இசக்கி, அவரு நமக்குச் சோறு போடுற ஆளு. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார். அனுசரித்தேன். ஒரே முறையில் உள்ளே போக வேண்டிய டிரெய்லர், அந்தக் காருக்கு மரியாதை செய்து ஐந்தாறு முறை முன்னும் பின்னுமாகப் போய்த்தான் நுழையும். தெரு அடைபட்டு, பின்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்து என்னைத்தான் திட்டுவார்கள்.

வனமாமலை நாங்குநேரிக்காரன். டிரெய்லர் ஓட்டுகிறவர்களில் என்னிடம் பிரியமானவன். "அண்ணாச்சி, ஒங்க விசில் சத்தம் கேட்டாப் போதும், நான் கண்ண மூடிக்கிட்டே வருவேன்" என்பான். நானும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். "ரோட்டுல எவன் ஆரன் அடிச்சாலும் காதுல வாங்காத. என் விசில மட்டும் கேளு." அவன் அப்படியே கேட்டான்.

பங்குனியில் ஒருநாள், வனமாமலையின் வண்டி வளையும்போது அதன் வால் பிரசன்னா காரின் பக்கக் கண்ணாடியைத் தொட்டுவிட்டது. நான் நீளமாக ஊதினேன், வண்டியும் நின்றது. ஆனால் பாரம் ஏற்றிய வண்டி நிற்க அரை அடியாவது வேண்டும். கண்ணாடி மடங்கியது, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது. பிரசன்னா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "கண்ணு இன்னா பொடனியிலயா கீது ஒனக்கு?" என்று இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த எல்லோர் முன்னாலும் கேட்டார். மஞ்சள் கட்டத்துக்குள் கார் ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் நம்பிராஜன் சார் ஒரு மெமோ கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'ரிவர்ஸ் பார்ப்பவரின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. மறுநாள் காலை நானே நான்கு தகரங்களையும் கழற்றிவிட்டு, ஒரு சைபரை மாட்டினேன்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பிரசன்னா என் பேச்சைக் கேட்டார் என்றே சொல்லலாம். அடுத்த வாரம் ஒரு டிரைவரை வைத்தார். ஜெபதாஸ், ஐம்பத்திரண்டு வயது, முன்பு ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். முதல் நாளே என்னைத் தேடி வந்து வணக்கம் சொன்னார்.

"அண்ணே, சார் வண்டியில இனிமே நான் உள்ளதான் கீறேன். டிரெய்லர் வந்துச்சுன்னா கண்ணாடிய ஒரு தட்டு தட்டுங்க, டக்குனு எடுத்துடறேன். அதுக்குத்தான் என்னை வச்சிகினு கீறாரு."

சொன்னபடி செய்தார். பதினெட்டு நாளும் நான் தட்டியதும் அரை நிமிஷத்தில் எடுத்தார். டிரெய்லர் உள்ளே போனதும் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார். எனக்குக் காரின் ஏசியில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்று தினமும் கொடுத்தார். பிரச்சினை தீர்ந்துவிட்டதே என்று நீங்கள் கேட்பீர்கள். நம்பிராஜன் சாரும் அதையே சொன்னார்.

நான் அப்படிப் பார்க்கவில்லை. பிரசன்னா தவறைக் கைவிடவில்லை, அதைக் கவனித்துக்கொள்ள ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டார். இந்த ஜெபதாஸ் லீவு போட்டால் வேறொரு ஜெபதாஸ் வந்து உட்காருவார். மஞ்சள் கட்டம் காருக்கு என்று ஆகிவிட்டது, நான் கண்ணாடியைத் தட்டிக் கெஞ்சி அதை டிரெய்லருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். "வண்டிய உள்ள போட்டுட்டு ஏசியில உக்காருமேய்யா, ஒமக்கும் நல்லது" என்று ஜெபதாஸிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "சார் திட்டுவாருண்ணே. நெழல்லதான் நிக்கணும்னுட்டாரு. நான் இன்னா செய்யிறது?" என்றார். அவரும் பாவம்தான். எனக்கு எந்த மனிதர் மேலும் விரோதம் கிடையாது, ஐயா. கட்டத்தைக் காலியாக வைத்திருப்பது என் வேலை.

சித்திரை மாதம், வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டு பத்துக்கு வனமாமலையின் டிரெய்லர் வந்தது. கார் மரத்தடியில் நின்றது. ஜெபதாஸ் டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். அன்றைக்கு நான் கண்ணாடியைத் தட்டவில்லை.

கேமராவில் பதிவானதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் சத்தம் கிடையாது. நான் மரத்துக்குப் பக்கத்தில் விசிலும் வாயுமாக நிற்பதும், டிரெய்லரின் வால் மெதுவாக வருவதும், அதன் தட்டு பானெட்டுக்கு மேலாகக் கண்ணாடிக்குள் போவதும் தெரியும். கார் பின்னால் நகர்ந்திருந்தால் ஜெபதாஸ் பிழைத்திருக்கலாம் என்று அறிக்கையில் இருக்கிறது. நகர மரம் விடவில்லை. பதினோரு வருட மரம், ஒரு இலைகூட அதிகமாக உதிர்க்கவில்லை. கண்ணாடியை உடைத்து அவரை வெளியே எடுத்தது நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். பிரசன்னா வெறுங்காலோடு தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் ஸ்டூல் எடுத்துவந்து போட்டு, தண்ணீர் கொடுத்தேன்.

இப்போது அவர் வேறு காரில் வருகிறார். உள்ளே, வெயிலில், வெள்ளைக் கோட்டுக்குள் நேராக நிறுத்துகிறார். மஞ்சள் கட்டத்தில் மூன்று மாதமாக ஒரு வண்டியும் நிற்கவில்லை. இரண்டு வருடம் வாயால் சொல்லி நடக்காதது இது.

ஜெபதாஸின் மகள் ஷீபா வியாழன்தோறும் வேலைக்குப் போகிற வழியில் இறங்கி, மரத்தடியில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டுப் போகிறாள். முதல் வாரம் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே வைத்துவிட்டாள். "அம்மா, கொஞ்சம் இங்கிட்டு வைங்க. அது வண்டி வளையுத எடம்" என்றேன். உடனே எடுத்துத் தள்ளி வைத்தாள். "சாரி அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வந்து, "அப்பா வூட்ல ஒங்கள பத்திதான் சொல்லிகினே இருப்பாரு. கேட்டாண்ட ஒரு நல்ல மனுஷன் கீறாருன்னு" என்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது.

வனமாமலையை ஜாமீனில் விட்டிருக்கிறீர்கள், லைசென்ஸை வாங்கி வைத்திருக்கிறீர்கள். அவன் வீடு நான் குடியிருக்கிற தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். அவன் மனைவி சந்திரலேகா ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையலுக்குப் போகிறாள். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். ஷேர் ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டால்கூட எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கறி எடுத்துக்கொண்டு போய் அவனைச் சாப்பிட வைத்துவிட்டு வருகிறேன். போன வாரம் கையில் சோற்றை வைத்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணாச்சி, நீங்க நில்லுன்னுதான் நீளமா ஊதிருப்பீங்க. நாந்தான் வரச் சொல்லுதியன்னு நெனச்சுட்டேன், என்ன? எனக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்கு. ஒரு மனுசனக் கொன்னுட்டேனே."

ரசம் ஊற்றி, சாப்பிடச் சொன்னேன். "அண்ணாச்சி மட்டும் இல்லைன்னா இவுக எப்பவோ எதையாவது செஞ்சுக்கிட்டிருப்பாக" என்று சந்திரலேகா வாசல் வரை வந்து சொன்னாள். அப்போதும்கூட இந்தக் கடிதம் எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. உள்ளதைத்தான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை கம்பெனியின் விசாரணை அறிக்கை வந்தது. எனக்கும் ஒரு நகல் கொடுத்தார்கள். வனமாமலை சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டான் என்று ஒரு பத்தி. என்னைப் பற்றி மூன்றே வரி. கடும் வெயில், கண் கூசியிருக்கலாம், ரிவர்ஸ் பார்ப்பவரின் கவனக்குறைவு, எச்சரிக்கையோடு பணியில் தொடரலாம். நம்பிராஜன் சார் என் தோளைத் தட்டி, "யானைக்கும் அடி சறுக்கும் இசக்கி, மனச விட்ராதீங்க" என்றார். பிறகு மூன்று நாள் மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களோடு என்னையும் உட்காரவைத்து, விசிலை எப்படிப் பிடிப்பது, எப்படி ஊதுவது என்று ஒருவர் படம் காட்டிப் பாடம் நடத்தினார். கடைசி நாள் எல்லோர் முன்னாலும் ஊதிக் காட்டச் சொன்னார்கள். ஊதினேன். 'கவனம் மேம்பட்டுள்ளது' என்று என் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாளை இரண்டு நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். பதினோரு வருட உழைப்புக்கு இது ஒரு பதிலா, ஐயா?

என் கவனத்தில் குறை இருந்ததா என்று நீங்களே பாருங்கள். ஜெபதாஸ் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார், மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டேஷ்போர்டில், ஜெபப் புத்தகத்தின் மேல் வைத்திருந்தார். இடது கை மோதிர விரலில் பிளாஸ்திரி. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. டிரெய்லரின் வாலுக்கும் காரின் பானெட்டுக்கும் பதினெட்டு அடி இருக்கும்போது ஊத ஆரம்பித்தேன். என் கண் கூசவில்லை. நான் மரநிழலில் நின்றேன்.

வண்டி ஒரு கை நீளத்துக்கு வந்தபோது தரை அதிர்ந்து ஜெபதாஸ் விழித்துக்கொண்டார். ஹாரனை அமுக்கினார். நல்ல சத்தமுள்ள ஹாரன். என் விசில் அப்படியே நின்றுவிட்டது, வனமாமலையும் வண்டியை நிறுத்திவிட்டான். கேமராவில் டிரெய்லர் ஒரு கணம் தயங்குவது தெரியும். அதை கியர் மாற்றியது என்று அறிக்கையில் எழுதிவைத்திருக்கிறார்கள். கியர் ஒன்றும் மாற்றவில்லை. விதிப்படி நின்றான்.

வண்டி நின்றதும் ஜெபதாஸ் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். நான்தான் நிறுத்தினேன் என்று நினைத்திருக்கிறார். என்னைப் பார்த்துச் சிரித்து, கையை உயர்த்தி நன்றி காட்டினார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். டிரெய்லர் கொஞ்சம் முன்னால் போனதும் காரை எடுத்துவிடலாம் என்று காத்திருந்தார். அந்த நேரத்தில் நான் எதையும் செய்ய வேண்டியதில்லை. ஊதாமல் இருந்தால் போதும். விதி அப்படித்தான் சொல்கிறது.

நான் விசிலை மறுபடி வாயில் வைத்து, விட்டு விட்டு ஊதினேன். ஒன்பது முறை ஊதினேன். இடையில் இரண்டு தடவை மூச்சு வாங்கினேன். ஹாரன் திரும்பவும் அடித்தது. எவன் ஹாரன் அடித்தாலும் காதில் வாங்காதே என்று நான் சொல்லிக் கொடுத்ததை வனமாமலை மறக்கவில்லை, வந்துகொண்டே இருந்தான். ஒன்பதாவதுக்குப் பிறகு ஹாரன் இல்லை. நான் நீளமாக ஊதினேன். வண்டி நின்றது.

வனமாமலை காதில் விழுந்தது சரிதான், அவனுக்குக் கிறுக்கெல்லாம் இல்லை. அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் நம்பமாட்டான். விசிலை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். என் மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் 'கவனக்குறைவு' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட வேண்டும், ஐயா. இந்தப் பதினோரு வருடத்தில் அன்றைக்கு இருந்த அளவுக்கு நான் ஒருநாளும் கவனமாக இருந்ததில்லை.